உருகாத திருகு

ஆம்பூர்
12-6-1933

அண்ணாவுக்குப் பூங்காவனம் எழுதுவது.

இங்கே எல்லாரும் சௌக்கியம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டுமாம். தொடங்கிவிட்டேன். இனி நிஜத்தைச் சொல்கிறேன்.

வீட்டில் திருட்டுப் போயிருக்கிறது. என் கல்யாணத்துக்கு நீ கொடுத்த வெண்கலக் கும்பாவைக் காணோம். அவருக்குக் கூழ் ஊற்றி வைப்பது அதில்தான். புதன்கிழமை ஆபித் பாஷா பாய் வந்து பித்தளைப் பாத்திரங்களுக்கெல்லாம் ஈயம் பூசினார். தன் கையிலிருந்த வெள்ளீயத்தைப் போட்டே பூசினார், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு இருந்த கும்பா மறுநாள் இல்லை. வேறு யார் நம் வீட்டுக்குள் வந்தார்கள்? தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். சொன்னால் பயந்து கொண்டுவந்து வைத்துவிடுவார் பார்.

இன்னொரு விஷயம். உனக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்வேன். தோல்ஷாப்பில் ஆவாரம்பட்டை அரைக்கிற மெஷினுக்கு உன் மாப்பிள்ளைதான் பாய்லர் பார்க்கிறார் என்று உனக்குத் தெரியும். போன செவ்வாய்க்கிழமை மூன்றாவது தடவையாகப் பாய்லரில் இருக்கிற அந்த ஈயத் திருகு உருகி, ஆவி அடுப்புக்குள் பாய்ந்து நெருப்பு அணைந்துபோயிற்று. பாய்லர் ஆறி, திருகைக் கழற்றி, மறுபடி ஈயம் ஊற்றி மாட்டுவதற்குள் பட்டை அரைபடாமல் தோலெல்லாம் தொட்டியில் கெடுகிறது. முதலாளி சாயபு எல்லார் முன்னாலும், "இன்னா கன்னியப்பா, தூக்கம் ஜாஸ்தியா? இன்னொரு தபா அணைஞ்சுதுன்னா நீ வீட்ல போய்த் தூங்கிக்கோ" என்றாராம். பட்டை பொறுக்குகிற பெண்கள்கூட "தூங்குமூஞ்சி" என்று சிரிக்கிறார்கள்.

அந்தப் பட்டப்பெயர் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலேறி வந்தது, அண்ணா. ரயில்வே ஷெட்டில் அவர் வேலை பார்த்தபோது, எஞ்சினில் தண்ணீர் குறைந்த விசாரணையில், "கன்னியப்பன் தூங்கினான், நான் பார்த்தேன்" என்று சாட்சி சொன்னது நீ. பார்த்துப் பார்த்து அவருக்கு என்னைக் கட்டிக்கொடுத்ததும் நீ. இரண்டு வருஷமாக உன் பெயரை எடுத்தால் அவர் சோற்றைவிட்டு எழுந்துவிடுகிறார். சித்திரையில் நீ அனுப்பிய ஈயக் கட்டிகளைக்கூட பஜாரில் வாங்கியதாகப் பொய் சொல்லித்தான் கொடுத்தேன்.

பதிலை அடுத்த வீட்டு ஜஹீருன்னிசா அக்கா விலாசத்துக்குப் போடு.

பூங்காவனம்


ஜோலார்பேட்டை
14-6-1933

பூங்காவனத்துக்கு,

கும்பா போனால் போகட்டும், வேறு வாங்கிக்கொள்ளலாம். ஒரு மனுஷனைக் கண்ணால் பார்க்காமல் திருடன் என்று சொல்லாதே. நான் பார்த்ததைத்தான் சொன்னேன், அதற்கே இரண்டு வருஷமாக ஏச்சு வாங்குகிறேன்.

திருகு விஷயத்துக்கு வருகிறேன். பாய்லரில் நெருப்புக்கு நேர் மேலே இருக்கிற தகட்டில் அந்தத் திருகு இருக்கும். நடுவில் துளை, துளையில் ஈயம். தகட்டின் மேல் தண்ணீர் நிற்கும்வரை ஈயம் சூடு தாங்கும். தண்ணீர் குறைந்தால் உருகி ஒழுகும், அந்த வழியாக ஆவி இறங்கி நெருப்பை அடித்துவிடும். பாய்லர் வெடிக்காமல் காப்பாற்றுவது அந்தச் சுண்டுவிரல் அகல ஈயம்தான். மூன்று தடவை உருகியது என்றால் மூன்று தடவை தண்ணீர் குறைந்தது. தண்ணீர் குறைந்தது என்றால் பார்க்க வேண்டியவன் பார்க்கவில்லை. உனக்குக் கோபம் வரும். வந்தால் ஒரு சொம்புத் தண்ணீர் குடி.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. இரண்டு கட்டி அனுப்பினேன். பெரியது காரீயம், திருகுக்கு. சின்னது வெள்ளீயம், உன் பாத்திரங்களுக்குப் பூச. துணியில் தனித்தனியாக முடிந்து, எது எதற்கு என்று சொல்லியும் அனுப்பினேன். பிறகு பாஷா பாய் ஏன் தன் வெள்ளீயத்தைப் போட்டார்? நான் அனுப்பியது எங்கே போயிற்று?

வேலாயுதம்


ஆம்பூர்
15-6-1933

அண்ணாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று சொம்பு குடித்தேன். கோபம் போகவில்லை.

அவர் தூங்கவில்லை. மத்தியானம் கூழ் கொண்டுபோகிறவள் நான். பாய்லர் முன்னால் குந்திக்கொண்டு, தண்ணீர் மட்டம் காட்டுகிற கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் வந்து நிற்பதுகூடத் தெரியாது. கண் இரண்டும் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருக்கும். இரண்டாவது தடவை உருகினபோது கண்ணாடியில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது, நானே பார்த்தேன். சொன்னால் யார் நம்புகிறார்கள்? பெண்டாட்டி அப்படித்தான் சொல்வாள் என்கிறார்கள்.

வெள்ளீயத்தைக் கேட்டாயே. இரண்டையும் அவரிடமே கொடுத்தேன், அவர் சேர்த்து உருக்கி ஊற்றினார். உன் மாப்பிள்ளைக்கும் மூளை இருக்கிறது. "செம்பும் மெத்து, வெள்ளீயமும் மெத்து. ரெண்டையும் கலந்தா வெங்கலம், கல்லு மாதிரி ஆய்டுது. அப்போ காரீயத்துல வெள்ளீயம் கலந்தா கெட்டியாத்தானே ஆவணும்?" என்றார். நகத்தால் கீறிப் பார்த்தேன், கெட்டியாகத்தான் இருந்தது. மிச்சத்தை வைத்திருந்துதான் ஒவ்வொரு தடவையும் ஊற்றினார்.

நல்ல சேதியும் உண்டு. சனிக்கிழமை நெருப்புப் போட்டதிலிருந்து திருகு ஒன்றும் செய்யவில்லை. சாயபு தோளில் தட்டி, "இப்பத்தான் ஆள் முழிச்சிக்கினான்" என்றாராம். இரண்டு வேளையும் நன்றாகச் சாப்பிடுகிறார். வலது கையில் மட்டும் தோல் உரிந்து பெரிய புண். வியாழக்கிழமை கொல்லன் பட்டறையில் ஏதோ உருக்கினாராம், துருத்தி ஊதியே தோள் போய்விட்டது என்றார். ஈயம் உருக்கவா அத்தனை ஊத வேண்டும்?

பாஷா பாய் நேற்று வாசலில் வந்து நின்று, "உன் கும்பாவ நான் கண்ணாலயும் பாக்கலம்மா, இந்தப் பேஜார் எனக்கு வாணாம்" என்று அழாத குறையாகச் சொன்னார். பொறுப்பில்லாமல் சொல்லிவிட்டேனோ என்று இருக்கிறது.

பூங்காவனம்


ஜோலார்பேட்டை
16-6-1933

பூங்காவனம்,

இதை நின்றுகொண்டே எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, நிதானமாகப் படி.

காரீயத்தில் வெள்ளீயம் கலந்தால் அதற்குப் பெயர் பற்றாசு. தகர டப்பாவுக்கு ஒட்டுப் போடுகிற சரக்கு. கெட்டியாகத்தான் ஆகும், அதில் மாப்பிள்ளை சொன்னது சரி. ஆனால் காரீயம் தனியாகத் தாங்குகிற சூட்டையும் தாங்காது, வெள்ளீயம் தாங்குகிறதையும் தாங்காது. இரண்டுக்கும் முன்னாலேயே உருகிவிடும். கலந்தால் எல்லாமே பலப்படும் என்று கணக்கு இல்லை, தங்கச்சி. உன் தோட்டில் செம்பு கலந்தால்தான் தங்கம் வளையாமல் நிற்கும். கோயில் மணியில் வெள்ளீயம் கூடினால் நாதம் நன்றாக இருக்கும், கீழே விழுந்தால் சில்லு சில்லாகும். இங்கே வண்டி அச்சுக்கு நான் ஊற்றுகிற வெள்ளை உலோகத்தில் மூன்று சரக்கு சேர்கிறது, ஒன்று கூடினால் அச்சு தீய்ந்துபோகும். மாப்பிள்ளை ஷெட்டில் நெருப்புப் போட்டவர், உலோகம் உருக்கினவர் இல்லை. அவருக்கு இது தெரிய வழியில்லை. பாலாற்றுத் தண்ணீரில் உப்பு வேறு. அது தகட்டில் ஏடு கட்டியிருக்கும், சூடு இன்னும் ஏறும். தண்ணீர் நிறைய இருக்கும்போதே அந்தத் திருகு உருகியிருக்கும். உருகித்தான் இருக்கிறது.

ஆகையால் நீ சொன்னது சரி. அவர் தூங்கவில்லை.

இப்போது பயப்பட வேண்டிய விஷயம். ஈயம் உருக்க அடுப்படிக் கரியே போதும், துருத்தி வேண்டாம். தோள் போகிற அளவு ஊதினார் என்றால் உருக்கியது ஈயம் இல்லை. புதன்கிழமை இருந்த கும்பா வியாழக்கிழமை இல்லை என்றாய். வியாழக்கிழமை அவர் பட்டறையில் இருந்தார் என்கிறாய். நான் எழுதித்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டுமா? அந்தத் திருகின் துளையில் இப்போது வெண்கலம் இருக்கிறது. தகடு செக்கச்செவேல் என்று பழுத்துப் பிளந்தாலும் அது உருகாது.

இன்று வெள்ளிக்கிழமை, உங்கள் ஷாப்பில் நெருப்பு இருக்காது. நாளை போடுவார்கள். எப்படியாவது தடு. ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு, முதல் பாசஞ்சரில் வருகிறேன்.

வேலாயுதம்


ஜோலார்பேட்டை
18-6-1933

பூங்காவனம்,

வந்தேன், திரும்பிவிட்டேன். நீ கேள்விப்பட்டிருப்பாய்.

ஷாப் கேட்டிலேயே என்னைப் பார்த்துவிட்டார். "இன்னா, இங்கயும் சாட்சி சொல்ல வந்தியா?" என்றார். "மாப்ள, அந்தத் திருக மட்டும் கழட்டிடு" என்றேன். கையில் நெருப்புக் கிளறுகிற கம்பி இருந்தது. ஓங்கவில்லை, ஆனால் கீழேயும் வைக்கவில்லை. காவல்காரர் என்னைத் தள்ளிக்கொண்டு வந்து ரோட்டில் விட்டார். உன் வீட்டுப் பக்கம் வந்தால் அவர் கோபம் உன்மேல் திரும்பும் என்று நேரே ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன்.

பாலம் தாண்டும்வரை ரயில் ஜன்னலில் அந்தப் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். புகை வந்துகொண்டிருந்தது. புகை வருகிறவரை நல்லது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு வேறு என்ன நினைப்பது என்று தெரியவில்லை.

நீயே சாயபுவிடம் போய்ச் சொல்லிவிடு. அதுதான் ஒரே வழி. அந்தப் பாய்லர் பக்கத்தில் அவர் ஒருத்தர் மட்டும் இல்லை, பட்டை பொறுக்குகிற பெண்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். நானே பார்த்தேன்.

வேலாயுதம்


ஆம்பூர்
20-6-1933

அண்ணாவுக்கு,

நீ வந்துபோனதிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. நான் விடவில்லை. சனிக்கிழமை காலையிலேயே கும்பாவை உருக்கினீர்களா என்று கேட்டேன், இல்லை என்றார். நேற்று மறுபடி கேட்டேன். பரண்மேலிருந்து ஒரு துணியை எடுத்து என் முன்னால் போட்டார். கும்பாவின் விளிம்புத் துண்டு. மிச்சம்.

"உருக்கிட்டேன். சின்னக் கட்டையா வார்த்துத் தொளையில அடிச்சு இறுக்கிட்டேன். அது உருகாது. உருகினாத்தானே தூங்கறேன்னு சொல்வாங்க?" என்றார். எனக்கு அழுகை வந்தது. கும்பாவுக்காக இல்லை.

சாயபுவிடம் சொல் என்கிறாய். சொன்னால் வேலை போகும். அதைவிட, இன்னொரு தடவை உன் வீட்டு வாயால் அவர் வேலை போனதாக ஆகும். அப்புறம் அவர் என் முகத்தைப் பார்ப்பாரா? அந்தப் பெண்கள் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று நீ எழுதினதையும் என்னால் தாண்ட முடியவில்லை. ஆகவே ஒன்று செய்தேன். நேற்றிலிருந்து நானும் பட்டை பொறுக்கப் போகிறேன். பாய்லருக்குப் பக்கத்திலேயே உட்காருகிறேன். தண்ணீர் ஏற்றுகிற பம்பு நின்றுவிடுகிறதா, கண்ணாடியில் தண்ணீர் இருக்கிறதா என்று நானும் ஒரு கண் வைத்திருக்கிறேன். "எதுக்கு வந்த?" என்று கேட்டார். "நீங்க இருக்கிற எடத்துல நானும் இருக்கேன்" என்றேன். அன்றைக்கு முழுக்க நாலு தடவை பம்பைத் தட்டிப் பார்த்தார்.

அந்தப் பம்பு சரியில்லை, அண்ணா. நடு நடுவே விக்குகிறது. ஒவ்வொரு விக்கலுக்கும் பட்டையைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நிற்கிறேன். கண்ணாடிக்குள் உப்புப் படிந்து பால் போல இருக்கிறது, தண்ணீர் எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பாய்லர் ஆறியிருக்கும். அன்றைக்கு அவரே கழற்ற வேண்டும். அதற்கு நீ ஒன்று எழுத வேண்டும், எனக்கு இல்லை, அவருக்கு. அவர் தூங்கவில்லை என்று உன் கையால் எழுது. ஊரே சொன்னாலும் வேண்டாம், நீ சொன்னால் போதும் அவருக்கு.

பூங்காவனம்


ஜோலார்பேட்டை
21-6-1933

அடி பைத்தியக்காரி,

நாளைக்குப் போகாதே. காலில் அடிபட்டது என்று சொல், காய்ச்சல் என்று சொல், வீட்டில் இரு. இதைப் படிக்கும்போதே நீ அங்கேதான் இருப்பாய் என்றும் தெரியும். காலையிலிருந்து இரண்டு அச்சுக்கு ஊற்றினேன், இரண்டும் பொத்தல். ஃபோர்மன் என் முகத்தைப் பார்த்துவிட்டு மூன்றாவதை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்.

மாப்பிள்ளைக்குத் தனியாக ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். எழுதி எழுதிக் கிழித்தேன். ஷெட்டில் நடந்ததை மாற்றி எழுத என்னால் முடியாது, அது நான் பார்த்தது. ஆம்பூரில் நடந்ததை மட்டும் எழுதியிருக்கிறேன். "மூன்று தடவையும் தப்பு உலோகத்துடையது. உங்களுடையது இல்லை. இதை யார் கேட்டாலும், எங்கே கூப்பிட்டாலும் வந்து சொல்கிறேன். வேலாயுதம்." அவ்வளவுதான்.

ஆனால் என் பேச்சை நம்பிக் கழற்ற வேண்டாம். தன் கண்ணால் பார்த்துக் கழற்றட்டும். மூன்று இரும்புக் கரண்டி எடு. ஒன்றில் காரீயம், ஒன்றில் வெள்ளீயம், ஒன்றில் அவர் கலந்த மிச்சம். ஒரே கரி அடுப்பில் பக்கத்தில் பக்கத்தில் வை. எது முதலில் உருகுகிறது என்று அவரையே பார்க்கச் சொல். காரீயம் இதோடு அனுப்புகிறேன், திருகுக்கும் சேர்த்துப் போதும். வெள்ளீயம் என்னிடம் இல்லை, யாரிடம் கேட்க வேண்டும் என்று உனக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை அவர் கழற்றவில்லை என்றால் சனிக்கிழமை நான் சாயபுவுக்கு எழுதுவேன். நீ என்னை எப்படி வைதாலும் சரி.

வேலாயுதம்


ஆம்பூர்
24-6-1933

அண்ணாவுக்கு,

சாயபுவுக்கு எழுதாதே.

வியாழக்கிழமை சாயந்தரம் பாஷா பாய் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று, "தப்பு என்னோடது பாய், கும்பா கிடைச்சிடுச்சு" என்றேன். எங்கே கிடைத்தது என்று அவர் கேட்கவில்லை. வெள்ளீயம் கேட்டபோதுதான் முறைத்தார். பிறகு ஒரு துண்டு வெட்டிக் கொடுத்து, "தெருவுல நாலு பேர்கிட்ட சொன்னியே, அதே நாலு பேர்கிட்ட இதையும் சொல்லிட்டு வந்துடும்மா" என்றார். சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

நேற்றுக் காலையில் உன் சீட்டை அவர் கையில் கொடுத்தேன். உன் கையெழுத்து என்று தெரிந்ததும் கிழித்துவிடுவார் என்று நினைத்தேன். படித்தார். மடித்து மடியில் செருகிக்கொண்டார். நான் அடுப்பில் கரியை மூட்டி மூன்று கரண்டியையும் வைத்தேன். கொஞ்ச நேரம் வேறெங்கோ பார்த்தபடி நின்றார், பிறகு வந்து குந்தினார். அவர் கலந்ததுதான் முதலில் போயிற்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரம் சரிந்து கண்ணாடியாக நின்றது. மற்ற இரண்டும் அப்படியே கட்டியாக இருந்தன. வெள்ளீயம் அப்புறம், காரீயம் கடைசியில்.

"நான் கண்ணாடியப் பாத்துக்கினே இருந்தேன் பூங்காவனம். தண்ணி இருந்துச்சு" என்றார். அதையே இரண்டு மூன்று தடவை சொன்னார்.

பிறகு தானாகவே எழுந்து, பரண்மேலிருந்த கும்பாத் துண்டைக் கொண்டுவந்து நாலாவது கரண்டியில் போட்டார். விசிறி எடுத்து விசிறினார். கரி தகதக என்று ஆயிற்று, கரண்டி சிவந்தது, கும்பாத் துண்டும் சிவந்தது. அப்படியே கிடந்தது. நெற்றியெல்லாம் வேர்வை. ரொம்ப நேரம் விசிறினார். கரண்டியின் காம்பு வளைந்து தொங்கியபோதுதான் விசிறியைக் கீழே போட்டார்.

"இது உருகறதுக்குள்ள தகடு போய்டும்" என்றார். என்னைப் பார்த்தார். "நீ அங்கதான உக்காந்துக்கினு இருந்த" என்றார்.

ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஷாப்புக்குப் போனவர் சாயந்தரம்தான் வந்தார். வெண்கலத்தைத் தட்டி எடுத்துவிட்டு, நீ அனுப்பிய காரீயத்தை மட்டும் ஊற்றி மாட்டிவிட்டாராம். இன்றைக்கு நெருப்புப் போட்டிருக்கிறார்கள். பம்பு விக்கல் மட்டும் நிற்கவில்லை. சாயபுவிடம் சொன்னாராம், அடுத்த மாசம் பார்க்கலாம் என்றாராம்.

பூங்காவனம்


ஜோலார்பேட்டை
26-6-1933

பூங்காவனத்துக்கு,

உன் கடிதத்தைப் படித்தபிறகுதான் எனக்கு ஒழுங்காகச் சோறு இறங்கியது. இன்று ஊற்றிய அச்சில் பொத்தல் இல்லை.

பம்பு விக்குவதும் கண்ணாடி மங்கியிருப்பதும் சேர்ந்தால் நல்லதில்லை. கண்ணாடிக்குக் கீழே இருக்கிற குழாயை அடிக்கடி திறந்து, ஆவியால் ஊதி உப்பை வெளியேற்றச் சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே. இல்லை, சொன்னாலும் சொல். நீ பட்டை பொறுக்கியது போதும், வீட்டில் இரு.

வேலாயுதம்


ஆம்பூர்
3-7-1933

அண்ணாவுக்கு,

அவருக்கு வேலை போய்விட்டது. பதறாதே, முழுக்கப் படி.

சனிக்கிழமை மத்தியானம். நான் கூழ் கொண்டுபோயிருந்தேன். பம்பு விக்கி நின்றதும் அவர் அதைத் தட்டி மறுபடி ஓடவிட்டார். ஓடுகிற சத்தம் கேட்டது, தண்ணீர் மட்டும் ஏறவில்லை. கண்ணாடியைக் காலையில்தான் ஊதிவிட்டிருந்தார், அது பாதி அளவு காட்டியது. கண்ணாடிக்குத் தண்ணீர் வருகிற துளை உப்பில் அடைத்துக்கொண்டு, பழைய தண்ணீரே நின்றிருக்கிறது. அப்போது அடுப்புக்குள் உஸ் என்று சீறியது. ஆவியும் சாம்பலுமாக வெளியே அடித்தது. பெண்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். நான் ஓடவில்லை, கூழைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். நெருப்பு அணைந்தது. அவ்வளவுதான், வேறொன்றும் ஆகவில்லை. சூட்டில் தகடு கொஞ்சம் நீலம் பாய்ந்திருந்ததாம். சுவர் நின்றது, கூரை நின்றது, ஓடினவர்களெல்லாம் திரும்பி வந்து செருப்பைத் தேடினார்கள்.

சாம்பலுக்குள்ளிருந்து அவர் வந்தார். தலை முதல் கால்வரை வெள்ளை. சிரித்துக்கொண்டு வந்தார், அண்ணா. கல்யாணத்தன்றுகூட அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. சாயபு ஓடிவந்து, "மறுபடியுமா? போய்டு, நாளைலேருந்து வராத" என்று கத்தினார். இவர் என் கையிலிருந்த கூழை வாங்கி நின்றபடியே குடித்துவிட்டு, "வா, போலாம்" என்றார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தால் சாயபுவுக்குப் புரியும். பார்ப்பாரோ என்னவோ. இன்றைக்கு எனக்கு அந்தக் கவலை இல்லை.

இனி என்ன செய்வது என்று தெரியவில்லை. ஷெட்டில் கேட்டுப் பார் என்று உன்னிடம் சொல்லச் சொல்லி அவர் சொல்லவில்லை. கேட்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த வெண்கலக் கட்டையைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டார். கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை ஜஹீருன்னிசா அக்கா வீட்டில் எழுதவில்லை. நம் வீட்டில், அவர் எதிரிலேயே எழுதுகிறேன். கீழே கொஞ்சம் இடம் விடச் சொன்னார், விட்டிருக்கிறேன்.

பூங்காவனம்

மச்சானுக்கு,
உருகிச்சு. நான் முழிச்சிக்கினுதான் இருந்தேன்.
கன்னியப்பன்